பாலைவனத்துப் பழைய ரேஞ்சில் மூன்று இரவு: குதிரை ஏறாத பெற்றோரை அழைத்துப் போகலாமா?

நீங்கள் கேட்டிருப்பதை முதலில் என் வார்த்தைகளில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் டாலஸில் இருக்கிறீர்கள். தேனியிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கிறார்கள். அப்பாவுக்கு 68, அம்மாவுக்கு 64. அம்மாவுக்கு முழங்கால் வலி. டிசம்பர் கடைசி வாரம் அரிசோனாவில் டூசான் பக்கம் ஒரு பழைய கெஸ்ட் ரேஞ்சில், அதாவது விருந்தினர் தங்கும் மாட்டுப் பண்ணையில், மூன்று இரவு தங்க நினைக்கிறீர்கள். யாருமே குதிரை ஏறியதில்லை, எல்லோரும் சைவம். "நூற்றைம்பது வருஷப் பழமை என்று போட்டிருக்கிறார்கள், நிஜமா? இவ்வளவு பணம் கொடுக்கத் தகுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். பழமையையும் விலையையும் பற்றிக் கேட்டாலும், குதிரை ஏறாத இரண்டு பெரியவர்களுக்கு அந்த இடத்தில் என்ன இருக்கிறது என்பதுதான் உங்கள் உண்மையான கவலை என்று நினைக்கிறேன். நிறைய இருக்கிறது. ஆனால் தேதியை மாற்றுங்கள், முன்பதிவு செய்வதற்கு முன் சில விஷயங்களை வாய்விட்டுக் கேளுங்கள்.

நான் தெற்கு அரிசோனாவில் பதினாறு வருடமாக மண் கட்டடங்களைச் செப்பனிடும் வேலையில் இருக்கிறேன். பழைய ரேஞ்சுகளில் வேலைக்காகத் தங்கியிருக்கிறேன், குடும்பத்தோடு விருந்தினராகவும் தங்கியிருக்கிறேன். சுவர், கூரை, ஈரம் பற்றி நான் சொல்வதை நம்பலாம். குதிரை விஷயத்தில் நானும் உங்களைப் போல ஒரு விருந்தினன்தான். முழங்காலைப் பற்றி மருத்துவர் சொல்வதுதான் முடிவு.

முதலில், ரேஞ்ச் என்பது ஹோட்டல் போல இயங்காது. ஹோட்டலில் அறைக்குக் காசு கொடுக்கிறோம். இங்கே ஒரு முழு நாளுக்குக் கொடுக்கிறோம். பெரும்பாலும் விலை ஆளுக்கு இவ்வளவு என்று இருக்கும். அதில் மூன்று வேளைச் சாப்பாடு, காலையும் மாலையும் குதிரைச் சவாரி, வழிகாட்டியோடு நடை, மாலையில் திறந்தவெளிச் சமையல் எல்லாம் அடங்கும். மேலே வரியும் சேவைக் கட்டணமும் தனியாக ஏறும், அதையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள். சாப்பாட்டுக்கு மணி அடிப்பார்கள். பல இடங்களில் நீண்ட மேசையில் எல்லோரும் சேர்ந்து உட்கார வேண்டும். நம் ஊர்க் கல்யாண வீட்டில் முன்பின் தெரியாதவர் பக்கத்தில் பந்தியில் உட்கார்ந்து, எழும்போது அவர் குடும்பக் கதை முழுக்கத் தெரிந்துகொண்டு எழுவோமே, அதே மாதிரிதான். முதல் நாள் உங்கள் பெற்றோருக்குக் கூச்சமாக இருக்கும், இரண்டாம் நாள் போய்விடும். ஒரே ஓர் இரவு தங்கினால் கூச்சம் மட்டும்தான் மிஞ்சும் என்பதால் மூன்று இரவு என்ற உங்கள் முடிவு சரியானது.

இப்போது பழமைக்கு வருகிறேன். இங்கே உறுதியானதையும் சந்தேகத்துக்கு உரியதையும் பிரித்துச் சொல்ல வேண்டும்.

உறுதியானது இது. டூசான் பகுதி ஸ்பானியர் கையில் இருந்து, பிறகு மெக்சிகோவிடம் போய், 1854-க்குப் பிறகுதான் அமெரிக்காவோடு சேர்ந்தது. அரிசோனா ஒரு மாநிலமானது 1912-ல். ஆகவே இங்கே மாடு வளர்ப்பைத் தொடங்கியவர்கள் சினிமாவில் வரும் கௌபாய்கள் இல்லை, ஸ்பானிய மொழி பேசிய வக்கேரோக்கள் என்ற மாடு மேய்ப்பவர்கள். ரேஞ்ச், குதிரை மாட்டு வீரவிளையாட்டுக்குச் சொல்லும் ரோடியோ, கயிற்றுக்குச் சொல்லும் லாரியட் எல்லாமே அவர்கள் சொற்களிலிருந்து வந்தவைதான். அவர்களுக்கும் முன்பிருந்தே டொஹோனோ ஓஓதாம் மக்கள் இந்த நிலத்தில் வாழ்ந்தார்கள், இன்றும் வாழ்கிறார்கள். ஒரு ரேஞ்சின் வரலாற்றுப் பலகையில் இந்த இரண்டு பேரும் இல்லாவிட்டால், அந்தப் பலகையின் மற்ற வரிகளையும் நான் அவ்வளவாக நம்ப மாட்டேன்.

காசு கொடுத்துத் தங்கும் விருந்தினர் வழக்கம் வடக்கே தொடங்கியது. டகோட்டாவில் ஈட்டன் சகோதரர்கள் 1882-ல் விருந்தினரிடம் பணம் வாங்க ஆரம்பித்தார்கள். 1904-ல் வயோமிங்குக்கு இடம் மாறினார்கள். நன்றாக உடுத்திக்கொண்டு வரும் நகரத்து ஆளை 'டூட்' என்று அழைத்ததால் டூட் ரேஞ்ச் என்ற பெயர் வந்தது. இப்படிப்பட்ட ரேஞ்சுகளின் சங்கம் 1926-ல் உருவானது. அரிசோனாவுக்கு இந்த வழக்கம் பெரிதாக வந்தது 1920-களில். முதல் உலகப் போருக்குப் பிறகு மாட்டு விலை சரிந்தது, மழையும் பொய்த்தது. வடக்கே பனி மூடிக் கிடக்கும் மாதங்களில் இங்கே வெயில் இதமாக இருக்கும். ரயிலும் இருந்தது. காசநோய்க்காரர்கள் உலர்ந்த காற்றைத் தேடி ஏற்கனவே டூசானுக்கு வந்துகொண்டிருந்தார்கள். மாட்டை நம்பிப் பிழைக்க முடியாத குடும்பங்கள் விருந்தினரை நம்பத் தொடங்கின. ஃபீனிக்ஸுக்கு வடமேற்கே உள்ள விக்கன்பர்க் தன்னை உலகத்தின் டூட் ரேஞ்ச் தலைநகரம் என்றே அழைத்துக்கொண்டது.

இனி சந்தேகத்துக்கு உரியவை. பலகையில் இருக்கும் ஆண்டு எதன் ஆண்டு என்று பார்க்க வேண்டும். நிலம் வாங்கிய ஆண்டு, முதல் வீடு கட்டிய ஆண்டு, விருந்தினர் வரத் தொடங்கிய ஆண்டு ஆகிய மூன்றும் வேறு வேறு. விளம்பரத்தில் மூன்றில் பழையதுதான் இருக்கும். உதாரணமாக, டூசானுக்குக் கிழக்கே உள்ள டாங்க்கே வெர்டே ரேஞ்ச் 1868-ஐத் தன் தொடக்கமாகச் சொல்கிறது. அது எமிலியோ கரியோ என்பவர் மாடு வளர்த்த காலம். விருந்தினர் வரத் தொடங்கியது 1920-களில். கொள்ளையர்கள் கரியோவை உத்தரத்தில் தொங்கவிட்டுத் தங்கம் எங்கே என்று கேட்டார்கள், அவர் பிழைத்துக்கொண்டார் என்றொரு கதையும் அங்கே சொல்வார்கள். அதை வாய்வழிக் கதையாகவே கேளுங்கள். மெக்சிகோ எல்லையோரம் சாசபே அருகிலுள்ள ராஞ்சோ தெ லா ஓசாவில், ஒரு சிறிய கட்டடம், இந்தப் பகுதியில் கிறித்தவ மிஷன்களை நிறுவிய கீனோ பாதிரியாரின் வழிவந்த ஏசு சபையினர் கட்டியது என்பார்கள். கீனோ இறந்தது 1711-ல், ஏசு சபையை ஸ்பெயின் தன் நிலங்களிலிருந்து வெளியேற்றியது 1767-ல். இடைப்பட்ட காலத்தில் கட்டியிருக்க முடியும் என்பது வரை சரி. கட்டியதற்கான சான்று என்பது வேறு விஷயம். அங்கிருக்கும் பெரிய வீடு பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியைச் சேர்ந்தது, என்னைப் பொறுத்தவரை அந்தப் பழமையே போதுமானது.

தேசிய வரலாற்று இடங்களின் பதிவேட்டில் பெயர் இருக்கிறதா என்று கேளுங்கள். 1966-ம் ஆண்டுச் சட்டத்தால் வந்த பட்டியல் அது. பொதுவாக ஐம்பது வருடம் தாண்டியவற்றையே சேர்ப்பார்கள், சேர்ப்பதற்கு முன் ஆவணம் கேட்பார்கள். அந்த ஆவணத்தை யார் வேண்டுமானாலும் கேட்டு வாங்கிப் படிக்கலாம். ஆனால் அந்தப் பட்டியல் ஒரு மரியாதை, அவ்வளவுதான். உரிமையாளர் சொந்தப் பணத்தில் இடித்துக் கட்டினால் அது தடுக்காது. பட்டியலில் இல்லாத அருமையான மண் வீடுகளும் உண்டு.

என் தொழிலுக்கு வந்துவிட்டேன், இங்கே கொஞ்சம் நிற்கிறேன். இந்த ஊர் மண் வீட்டுக்கு அடோபி என்று பெயர். களிமண், மணல், வைக்கோல் கலந்து மிதித்து, அச்சில் வார்த்து, வெயிலில் காயவைத்த சுடாத கல். ஒரு கல் சுமார் 35 சென்டிமீட்டர் நீளம், 25 அகலம், 10 உயரம், பதினான்கு கிலோ கனக்கும். சுவர் 45 முதல் 60 சென்டிமீட்டர் வரை தடிமன் இருக்கும். உங்கள் அப்பா தேனிப் பக்கத்துக்காரர் என்பதால் மண்சுவர் வீட்டில் பிறந்தவராகவோ, குறைந்தது அதில் படுத்து எழுந்தவராகவோ இருக்க வாய்ப்பு அதிகம். சுவரைத் தொட்டதும் அவர் உங்களுக்குச் சொல்லித் தருவார்.

நிஜ மண் வீடா என்று பார்க்க வழி இருக்கிறது. ஜன்னல் குழியில் கையை நீட்டுங்கள். முழங்கை வரை உள்ளே போனால் சுவர் தடிமனானது. மேல் விளிம்பில் மரக்கட்டைதான் சுமை தாங்குகிறதா என்று பாருங்கள். விரல் முட்டியால் தட்டினால் சத்தம் மந்தமாக, உள்ளே அடங்கிப்போக வேண்டும். பிறகு சுவரின் அடியைப் பாருங்கள். நிலத்து ஈரம் உப்போடு மேலே ஏறி அடிச்சுவரை அரித்திருக்கும். மேலே சிமெண்ட் பூசியிருந்தால் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளே தேங்கி, பூச்சுக்குப் பின்னால் மண் கரைந்து கொட்டும். வெளியே பளபளப்பாக இருக்கும் சுவர் உள்ளே பொத்தலாக இருப்பதை எத்தனையோ முறை திறந்து பார்த்திருக்கிறேன், ஒவ்வொரு முறையும் மனம் வலிக்கும். சுண்ணாம்பும் மண்ணும் பூசி, வருடா வருடம் கை வைத்துப் பராமரிக்கும் சுவரில் சின்னச் சின்ன வெடிப்பு தெரியும். அதைக் குறையாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கூரையும் வயது சொல்லும். ரயில் டூசானுக்கு வந்தது 1880-ல். அதற்கு முன் கட்டியவற்றில் முழு மர உத்தரம், அதன் மேல் சவாரோக் கள்ளியின் உலர்ந்த விலா எலும்பு போன்ற கழிகளைப் பரப்பி, மேலே மண் போட்டு மூடியிருப்பார்கள். ரயிலில் அறுத்த பலகையும் தகரமும் சுட்ட செங்கலும் வந்த பிறகு சாய்வுக் கூரையும், சுவர் தலையில் செங்கல் வரிசையும் வந்தன. ஒருமுறை, பெயர் வேண்டாம், 1880-களின் வீடு என்று சொன்ன ஒரு ரேஞ்சில் நானே நம்பிப் பணம் கட்டிப் போனேன். பூச்சுக்கு அடியில் சிமெண்ட் பிளாக்கின் கோடுகள் சீராகத் தெரிந்தன. அறை நன்றாகத்தான் இருந்தது, ஆனால் என் பிள்ளைகளுக்கு மண் வீட்டைக் காட்டுவேன் என்று சொல்லி அழைத்துப் போயிருந்தேன். அன்றிலிருந்து ஃபோனிலேயே "எங்கள் அறை எந்தக் கட்டடத்தில், அதை எப்போது கட்டினீர்கள்?" என்று கேட்டுவிடுகிறேன். பல ரேஞ்சுகளில் சாப்பாட்டுக் கூடமும் முகப்பு வீடும்தான் பழையவை, தங்கும் அறைகள் 1950-களுக்குப் பிறகு கட்டியவை. நேர்மையான ரேஞ்ச் இதை மறைக்காது.

தேதியை மாற்றச் சொன்னதற்கும் இந்தச் சுவர்தான் காரணம். தடித்த மண்சுவர் பகல் வெப்பத்தை மெதுவாக வாங்கி, பத்துப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து உள்ளே விடும். பகலும் இரவும் சேர்ந்த சராசரி எப்படியோ, அறையும் அப்படி இருக்கும். டிசம்பரில் டூசானில் பகல் 18, 19 டிகிரி, விடியற்காலை 4, 5 டிகிரி செல்சியஸ். சராசரி பதினொன்று, பன்னிரண்டு டிகிரிதான். சூடுபடுத்தாத மண் அறை அந்தக் குளிரில்தான் இருக்கும், சுவர் சூடாக ஒரு நாள் பிடிக்கும். மார்ச் கடைசியிலும் நவம்பர் தொடக்கத்திலும் சராசரி இருபதை நெருங்கும். அந்த வாரங்களில் மண் வீட்டுக்குள் இருப்பது போன்ற சுகம் வேறில்லை. டிசம்பர் கடைசி வாரத்தில் விலையும் உச்சத்தில் இருக்கும், குறைந்தது இத்தனை இரவு என்ற நிபந்தனையும் இருக்கும். பிப்ரவரியில் டூசானில் ரத்தினக் கல் சந்தை, மாதக் கடைசியில் 1925 முதல் நடக்கும் ரோடியோ என்று கூட்டம். ஆகவே பெற்றோர் ஏப்ரல் வரை இருப்பார்கள் என்றால் மார்ச் பாதிக்குப் பிறகு வாருங்கள். டிசம்பர்தான் முடியும் என்றால், நீங்கள் வருவதற்கு முந்தைய நாளே அறையில் ஹீட்டரைப் போட்டு வைக்கச் சொல்லுங்கள். கோடையை நினைக்கவே வேண்டாம், நாற்பது டிகிரி தாண்டும், பல ரேஞ்சுகள் மூடியே இருக்கும்.

குதிரைக்கு வருவோம். புதியவர்களுக்கு நடைச் சவாரிதான் கொடுப்பார்கள், ஒன்று அல்லது ஒன்றரை மணி நேரம், வரிசையாக, முன்னும் பின்னும் ராங்லர் என்று அழைக்கப்படும் குதிரைக்காரர்கள். ஏறுவதற்குப் படிமேடை இருக்கும். அப்பாவுக்கு ஆசை இருந்தால் ஏறலாம், தலைக்கவசம் கேளுங்கள், எடை வரம்பும் உண்டு. அம்மாவுக்கு யோசிக்க வேண்டும். ஒரு மணி நேரம் முழங்கால் மடங்கியபடியே இருக்கும், இறங்கும்போதுதான் வலி தெரியும். அம்மாவை ஏற்ற வேண்டாம் என்பது என் கருத்து. சவாரி செய்யாதவர்களுக்குக் குறைந்த கட்டணம் உண்டா என்று கேளுங்கள், சில ரேஞ்சுகளில் உண்டு. வண்டியில் உட்கார்ந்து போகும் சவாரி இருக்கிறதா என்றும் கேளுங்கள். காலையில் குதிரைகளை மேய்ச்சலிலிருந்து தொழுவத்துக்கு ஓட்டி வருவதைச் சில இடங்களில் வேலியோரம் நின்று பார்க்கலாம். என் மாமியாருக்கு மூன்று நாளில் அதுதான் பிடித்தது.

சைவம் பற்றி: ரொட்டி, காய், பழம் தாராளமாகக் கிடைக்கும். மறைந்திருப்பதுதான் சிக்கல். அவரை போன்ற பிண்டோ பயறை மசித்துத் தாளித்திருப்பார்கள், அதில் பன்றிக் கொழுப்பு இருக்கலாம். டார்ட்டியா என்னும் மெக்சிகோ ரொட்டியில் கோதுமை வகையிலும் அது இருக்கலாம், மக்காச்சோள டார்ட்டியாவில் வழக்கமாக இருக்காது. சாதம் கோழிச்சாற்றில் வெந்திருக்கலாம். "இறைச்சி வேண்டாம்" என்றால் அவர்களுக்கு இவையெல்லாம் நினைவுக்கு வராது. பன்றிக் கொழுப்பு, கோழிச்சாறு என்று பெயர் சொல்லி, முன்பதிவின்போதே எழுதிக் கேளுங்கள். வந்த பிறகு சமையல்காரரை நேரில் ஒருமுறை பாருங்கள். ஊறுகாயும் பருப்புப்பொடியும் எடுத்துவர மறக்காதீர்கள், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

சரி, குதிரை ஏறாதவர்களுக்கு அங்கே என்ன இருக்கிறது? பாலைவனம் இருக்கிறது. உங்கள் பெற்றோருக்கு அது அந்நியமாகவும் இருக்காது. ரேஞ்சைச் சுற்றி நிற்கும் மெஸ்கீட் மரத்தைப் பார்த்ததும் அம்மா 'இது நம்ம சீமைக்கருவேலம் மாதிரி இருக்கே' என்பார். உண்மையிலேயே நெருங்கிய உறவு அது. நம் ஊர் வயல்களை விழுங்கிய மரத்தின் அமெரிக்கச் சகோதரம். இங்கே அதுவே சொந்த மண்ணின் மரம், நெற்றை இடித்து மாவாக்கி அடை சுடுகிறார்கள். சப்பாத்திக்கள்ளியும் உண்டு, அதுவும் அமெரிக்காவிலிருந்துதான் நம் ஊருக்கு வந்தது. மணல் மட்டும் தெரியும் ஆறுகளைப் பார்த்தால் அப்பாவுக்கு வைகை நினைவு வரும். விக்கன்பர்க் அருகே ஓடும் ஹசயாம்பா ஆறு பெரும்பகுதி மணலுக்கு அடியில்தான் ஓடுகிறது.

சவாரோவைப் பற்றி மட்டும் ஒரு பத்தி எழுதினாலும் தகும். ஆள் உயரத்தைப் போல ஆறேழு மடங்கு வளரும் கள்ளி, நூற்றைம்பது வருடம் தாண்டியும் வாழும். பக்கக் கிளை ஒன்று முளைக்கவே ஐம்பது வருடத்துக்கு மேல் ஆகலாம். ரேஞ்சின் கட்டடம் எத்தனை பழமை என்று கேட்டீர்கள் அல்லவா? வாசலில் நிற்கும் பல கை கொண்ட சவாரோ பெரும்பாலும் அந்தக் கட்டடத்தை விட மூத்தது. அதில் மரங்கொத்தி துளைத்த பொந்தில் சின்ன ஆந்தை குடியிருக்கும். ஜூன் கடைசியில் ஓஓதாம் மக்கள் அதன் காய்ந்த கழியால் செய்த நீண்ட துரட்டியால் பழத்தைத் தட்டிப் பாகு காய்ச்சுகிறார்கள். டாங்க்கே வெர்டே சவாரோ தேசியப் பூங்காவின் கிழக்குப் பகுதிக்கு அருகிலும், 1965-ல் ஒரு குடும்பம் வாங்கிய வைட் ஸ்டாலியன் ரேஞ்ச் மேற்குப் பகுதிக்கு அருகிலும் இருப்பதால், தாழ்வாரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாலே காடு முன்னால் வந்துவிடும். அந்தி சாயும்போது மலை சிவக்கும், அப்புறம் கொயோட்டி நரிகள் ஊளையிடும். அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள், அவை பொதுவாக மனிதர் பக்கம் வராது.

விலை தகுமா என்பதற்கு என் பதில் இதுதான். எல்லோரும் காலை முதல் மாலை வரை ரேஞ்சிலேயே இருப்பீர்கள் என்றால் தகும். ஒரு நாள் டூம்ஸ்டோன் என்ற பழைய ஊர், ஒரு நாள் கிராண்ட் கேன்யன் என்று ஓடப் போகிறீர்கள் என்றால் சாதாரண ஹோட்டலில் அறை எடுங்கள், சாப்பிடாத சாப்பாட்டுக்கும் ஏறாத குதிரைக்கும் பணம் கட்ட வேண்டாம். கிராண்ட் கேன்யன் டூசானிலிருந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகும் பயணம், மூன்று நாளில் இரண்டையும் சேர்க்காதீர்கள்.

எடுத்து வர வேண்டியவை: மூடிய ஷூ, விடியற்காலைக்குக் கம்பளி, தாகம் எடுக்காவிட்டாலும் குடிக்கத் தண்ணீர், உதட்டுக்கும் காலுக்கும் தேங்காய் எண்ணெய். காலையில் ஷூவைத் தட்டிவிட்டுப் போடுங்கள், தேள் இருக்கும் நிலம். குளிர்காலத்தில் பாம்பு வெளியே வருவது குறைவு, மார்ச்சில் வந்தால் கால் வைக்கும் இடத்தைப் பார்த்து வையுங்கள். பெரிய பல் சீப்பு ஒன்றையும் பையில் போடுங்கள். சோயா (cholla) என்று ஒரு கள்ளி இருக்கிறது, உரசினாலே துண்டு கழன்று துணியிலும் தோலிலும் ஒட்டிக்கொள்ளும். கையால் பிடுங்கினால் கையிலும் ஏறும். முள்ளுக்கும் தோலுக்கும் நடுவே சீப்பை விட்டு ஒரே இழுப்பில் தட்டிவிட வேண்டும்.